மூன்று தரம் நிறுத்த மூட்டை

"மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்றாள்
ஸ்கான் டொக்டர்பிள்ளை.
பிடித்தேன்.
நிலாவெளி உப்பளத்தில் பதினொரு வருசம்
மூத்திரத்தைப் பிடித்தவளுக்கு
மூச்சு என்ன பெரிய காரியமா.

அங்கே கக்கூஸ் இல்லை.
ஆம்பிளைகளுக்குத் தாழம்பற்றை.
எங்களுக்கு, தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் ஏற்பாடு.
காலையில் ஒரு பிளேன்ரீ,
சோற்றோடு அரைக் கோப்பை.
தராசுக்குப் பின்னால் போத்தலை ஒளித்து வைப்பேன்.
கண்ணில் பட்டால் தாகம் வரும்.

ஆடி வெயிலில் பாத்தி எப்படி உறையும் என்று
என்னைக் கேளுங்கள்:
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு தண்ணீரின் மேல் ஆடை மாதிரி ஒன்று.
பிறகு ஓரத்தில் ஒரு மணி.
ஒரு மணி இருந்தால் போதும்,
மற்றதெல்லாம் அதைத் தேடி வரும்.

இதையே டொக்டர் விஜேகோன்
எனக்கு விளங்கப்படுத்தினார்.
"தண்ணி குறைஞ்சா உப்பு சேரும், அம்மா."
தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

நோவு வந்த இரவு
இருக்க முடியவில்லை, படுக்க முடியவில்லை.
வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்,
நாய் பின்னாலேயே வந்தது.
முதுகில் தொடங்கி
அடிவயிற்றில் இறங்கி
தொடை இடுக்கில் போய்க் குத்தியது.
பிள்ளை பெற்ற நோவு இதற்குத் தங்கச்சி.
நளீமின் ஓட்டோ உப்புவெளி தாண்டுமுன்
இரண்டு தரம் சத்தி எடுத்தேன்.

திரையில் சாம்பல் மழை.
"இந்தா, கல்."
வெள்ளைப் பொட்டு ஒன்று.
அதன் பின்னால் நீளமாய் ஒரு கறுப்பு.
"ஒலி கல்லைத் தாண்டாது, அதுதான் நிழல்.
நிழல் விழுந்தால் கல் எண்டு தெரியும்."
ஏழு மில்லிமீற்றர்.
என் மகன் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டுக்கொண்டே
வலப்பக்கம் போனாள்.
மற்றப் பக்கமும் பார்க்கிறது முறையாம்.

திருமலை இந்துவில் ஓஎல் எடுக்கிறான் என்றேன்.
பதில் வரவில்லை.
இரண்டு சிலுவைக்குறி, நடுவே புள்ளிக்கோடு.
அழித்தாள். திரும்ப வைத்தாள்.
அழித்தாள்.
நான் உப்பு நிறுக்கிறவள்.
ஒரு மூட்டையை மூன்று தரம் நிறுத்தால்
அதற்குள் ஏதோ இருக்கிறது.

"என்ன பிள்ளை?"
"றிப்போட்டில எழுதிறன் அம்மா."

கல்லுக்கு டொக்டரிடம் தமிழ் இருந்தது.
மற்றதற்கு இருக்கவில்லை.
கிளினிக் கார்ட்டின் பின்பக்கம் கீறிக்காட்டினார்:
மாங்கொட்டை மாதிரி ஒரு சிறுநீரகம்,
அதன் மேல்மூலையில் ஒரு வட்டம்.
வட்டத்துக்குள் பேனையை வைத்தார்,
யோசித்தார்,
ஒன்றும் போடாமல் எடுத்தார்.
"உள்ளுக்கு தண்ணி எண்டா, ஒண்டும் இல்ல.
கன பேருக்கு இருக்கும்.
தண்ணி இல்லாட்டி..."
சீட்டி ஸ்கானுக்குப் பத்தொன்பதாம் திகதி.

கல்லுக்கு ஊரே வைத்தியர்.
றபீக்கா வாழைத்தண்டு என்றாள்,
மேற்பார்வையாளர் நெருஞ்சில் முள் என்றார்,
சலேத்தம்மா பார்லியோடு வந்து நிற்கிறாள்.
வட்டத்துக்கு மருந்து சொல்ல ஒருவரும் இல்லை.
நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பஸ் ஸ்ராண்டில் மான்கள்
சோற்றுப் பார்சல் கடதாசி தின்று நின்றன.
ஒன்று என் உறையை மணந்தது.
*நேசமலர், 43, பெண்*.
இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
அது போகவில்லை.
என் உள்ளங்கையை நக்கத் தொடங்கியது,
விரல் இடுக்கெல்லாம், அவசரமில்லாமல்.
எத்தனை சவுக்காரம் போட்டாலும் போகாத உப்பு.

தண்ணீராய் இருக்கட்டும்.
வட்டத்துக்குள் வெறும் தண்ணீராய் இருக்கட்டும்.
என் உடம்புக்கென்று தண்ணீர் கேட்டது
இதுதான் முதல் தரம்.

கடையில் ஒரு லீற்றர் போத்தல் வாங்கி
நின்ற நிலையில் குடித்து முடித்தேன்.
நிலாவெளி பஸ் வந்தது.
விட்டேன்.
கக்கூஸ் எங்கே என்று
ரைம்கீப்பரிடம் சத்தமாய்க் கேட்டேன்.
இருபது ரூபாய்.
கொடுத்தேன்.