சாம்பல் அரசியின் முறை

முதல் வியாழனன்றே சொல்லிவிட்டார் திராஹோமிர்:
"ராஜா நான். சூனியக்காரி நீ."
அவர் வீட்டுக் கணினி. அவர் வீட்டு ஹீட்டர்.
ஓஸ்த்ராவாவில் ஜனவரி மாதம்.
நான் வாதாடவில்லை.
பிளம் சாராயத்தை ஊற்றிக்கொண்டு
இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஒரே திரை, ஒரே மவுஸ்.
அவர் முறை வந்தால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும்,
என் முறை வந்தால் அவர்.
ஜன்னலுக்கு வெளியே உருக்காலையின் புகைபோக்கி,
புகை நின்று இரண்டு வருடமாகிறது,
எதையும் சுட்டாத விரல்போல.

அங்கே பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டினேன்.
கணக்கு முடித்துக் கொடுத்த தாளின் அடியில்
அவர் கையெழுத்து இருந்தது,
ஃபோர்மன் என்ற முறையில்.
அந்த மையின் நீலம்கூட ஞாபகமிருக்கிறது.
அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை.
ஆடுகிறோம்.

ராஜாவின் வில்லாளிக்கு
முறைக்கு எட்டுப் பொன் கூலி.
கஜானா காய்ந்தால் வில்லைப் போட்டுவிட்டுப் போய்விடுவான்.
என் எலும்புக்கூட்டுக்குக் கூலி இல்லை, சோறு இல்லை, ஞாயிறு இல்லை.
ஒரு பிணம் போதும்.
ஆகவே பிணம் வேண்டும்.
ஆகவே மூடுபனிக்குள் எந்த அறுகோணத்திலாவது
விளக்கு தெரிந்தால்
காக்கைகளை அனுப்புகிறேன்.

ஊரைக் கொளுத்துமுன் ஆட்டம் கேட்கும்:
நிச்சயமாகவா?
முதல் வாரம் விரல் தயங்கியது.
மூன்றாம் வாரம்
அமைப்புகளுக்குள் போய்
அந்தக் கேள்வியையே நிறுத்திவிட்டேன்.

எலும்புக்கூடுகளுக்குப் பெயர் வைக்கலாம் என்று
மார்ச்சில்தான் தெரிந்தது.
லிபோர் என்று ஒன்றுக்கு வைத்தேன்,
உலை வாயில் நின்றவன்,
புருவம் முளைக்காமலே போனவன்.
பிளாஷேய் என்று ஒன்றுக்கு.
மூன்றாம் எண் கிரேன் யர்மிலா ஹ்ராப்கோவா,
ரொட்டியில் எப்போதும் பாதியை மிச்சம் வைப்பாள்,
யாருக்கென்று கேட்டால் சிரிப்பாள்.
எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள்.
லிபோர் ஜெர்மனியில் ஏதோ கிடங்கில் பெட்டி அடுக்குகிறான்.
ஆனாலும் கல்லறை மேட்டில்
"எழு" என்ற பொத்தானை அழுத்தும்போது
வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன்:
ஷிப்ட் ஆரம்பம்.
வரிசையாக எழுந்து வருகிறார்கள்,
ஒருவர்கூட தாமதமில்லாமல்.

நேற்று பாலத்தருகே
என் படை அவர் பார்வை எல்லைக்குள் போயிற்று.
நான் ஜன்னலைப் பார்த்து நின்றேன்.
கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.
(இது விதிமீறல். சூனியக்காரிதானே நான்.)
மவுஸ் அம்பை ஒவ்வொரு கூட்டின்மீதும் நிறுத்தி
பெயர்களைப் படித்தார்.
ஹீட்டர் குழாய் டிக் டிக்கென்றது.
கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி படித்தார்.

பிறகு சொன்னார்,
"ஹ்ராப்கோவாவில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது."

பட்டியலைத் தட்டச்சு செய்ததும் அவர்தான் என்று
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அடித்தார்.
லிபோர் முதலில், பாலத்திலிருந்து ஆற்றில்.
பிளாஷேய்.
யர்மிலாவைக் கொல்ல இரண்டு அடி தேவைப்பட்டது.
ராஜாவையே முன்னால் கொண்டுவந்து அடித்தார்,
அது மட்டமான ஆட்டம்,
அவருக்கும் தெரியும்.
"உன் முறை," என்று எழுந்து
ஜன்னலுக்குப் போனார்.

திரையில் பாலத்தின் நடுவே
ராஜா தனியாக நிற்கிறார்.
கேடயம் இல்லை, உதவிக்கு வர யாரும் இல்லை.
என்னிடம் மூன்று நகர்வுகள் இருக்கின்றன.
அவரை முடிக்க இரண்டு போதும்.
அவரது பிடரியில் முடி வளர்ந்துகிடக்கிறது,
வெட்டிவிட ஆளில்லாதவரின் முடி.
புகைபோக்கியைப் பார்த்தபடியே நிற்கிறார்.
திரும்பக்கூடாது, விதி அப்படி.

முதல் நகர்வில்
யர்மிலாவை எழுப்பினேன்.
பெயர்ப் பெட்டியைத் திறந்து
விட்டுப்போன எழுத்தைச் சேர்த்தேன்.
அதற்கு நகர்வு செலவாகாது.

இன்னும் இரண்டு இருக்கின்றன.