விரிப்புக் கணக்கு

கூடத்துச் சுவரில் தங்க எழுத்தில்
விடுதித் தலைவர்கள் பதினெட்டுப் பேர்.
முதல் பெயர் ஓல்டர்ஷா, பாதிரியார், 1823.
அதற்கு மேலே
ஆணி அடிக்க மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள்.

என் அறை கொதிகலனுக்குப் பக்கத்தில்.
இருபத்தாறு வருடமாகக் காலுறைகளுக்கு
ஜோடி தேடிக்கொண்டிருக்கிறேன்.
பையன்கள் மிஸஸ் வின்டல் என்பார்கள்.
அவசரத்தில் சிலர் அம்மா என்று கூப்பிட்டுவிட்டுக்
காது சிவந்து நிற்பார்கள்.
காதில் விழாத மாதிரி பொத்தான் தைப்பேன்.

இருநூறாம் ஆண்டு விழா,
பழசு ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார்கள்.
அலமாரி அடித்தட்டில் கிடந்தது
எலி ஓரம் கடித்த நோட்டு.
எழுதியவள் ஹெஸ்டர் ப்ளாக்கெட்,
குதிரைச் சேணம் தைத்தவனின் விதவை.
முதல் வரி, 1794:
பையன்கள் பதினொன்று. விரிப்பு ஒன்பது.

அடுத்த வரி:
திங்கள் மழை. எதுவும் காயவில்லை.
எல்லோரையும் அடுப்படியில் படுக்க வைத்தேன்.

அப்போது பள்ளி என்பது ஒரே ஓர் அறை.
அது லத்தீன் கொடுத்தது, அத்தோடு சரி.
தலைசாய்க்க இடம் கொடுத்தது ஊர்.
ரொட்டிக் கடை மாடியில் நாலு பேர்,
மருந்துக்கடைக்குப் பின்னால் ஆறு பேர்,
ஹெஸ்டரிடம் பதினொன்று,
அதில் ஒருவன் "இருமுகிறவன்",
ஒருவன் "செருப்பை விற்றுத் தின்றவன்".

லத்தீனைவிடத் தூக்கத்தில்தான் காசு என்று
ஆசிரியர்களுக்குப் புரிய
இருபத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது.
ஓல்டர்ஷா விலை பேசினார்:
வீடு, கட்டில் பதினாறு, வாத்து மூன்று.
அவள் கையெழுத்தில் கடைசி வரி:
சாவி கொடுத்தேன். விரிப்பு முப்பத்தொன்று.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டார்.

பிறகு மை மாறுகிறது.
வீட்டுக்கு அவர் பெயர் வந்தது,
பையன்களுக்கு எண் வந்தது.
இருமுகிறவன் எல்லாம் இல்லை,
பதினான்கு, இருபத்திரண்டு, நாற்பது.

1861, நவம்பர். செம்புள்ளிக் காய்ச்சல்.
எரித்தவை: விரிப்பு பன்னிரண்டு, தலையணை பத்து.
எத்தனை பையன்கள் என்று தேடினேன்.
இல்லை. அது வேறு நோட்டாக இருக்கும்.

1940: விரிப்பு நாற்பது, கறுப்புச் சாயம், ஜன்னலுக்கு.
அந்தக் கறுப்பு எப்போது வெளுத்ததென்று
எவரும் எழுதவில்லை.
எனக்கு முன்னால் இருந்தவர்
1991இல் எண்ணுவதையே விட்டுவிட்டார்.
மெத்தைப் போர்வைகள் வந்துவிட்டன,
வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள்,
கால்பந்துக் குழுவின் படம் போட்டு.
போன வருடம் முதல் பெண்கள் தளம்.
குதிரைப் படமும் உண்டு இப்போது.

நோட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்,
ஓல்டர்ஷா கையெழுத்திட்ட பக்கத்தைத் திறந்து.
தூசி தட்டுகிற பொறுப்பு என்னுடையது என்பதால்
பூட்டின் சாவி என்னிடம்தான்.
பக்கத்தைத் திருப்பிவிடலாம்.
இன்னும் திருப்பவில்லை.

ஒன்று மட்டும் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.
ஹெஸ்டர் வாங்கிய சோப்பு.
ஒன்பது விரிப்புக்கு
வாரத்துக்கு அவ்வளவு சோப்பு ஆகாது.
விருந்தாளி யாரும் வந்ததாகக் குறிப்பு இல்லை.
மழைச் சேறு என்றால் கோடையிலும் ஏன்?
எனக்கு இரண்டு இரவு பிடித்தது.
பிறகு சிரிப்பு வந்தது,
சிரிப்பு மட்டும் என்று சொல்ல முடியாது.

இன்று காலை ஐந்து மணி.
கதவை நகத்தால் தட்டுகிற சத்தம்.
புதிதாக வந்தவன், பதினொரு வயது,
கையில் சுருட்டிய துணி,
வெறுங்கால், ஈரம்.
எதுவும் கேட்காமல் வாங்கிக்கொண்டு
உலர்ந்ததொன்றைக் கொடுத்தேன்.
படியில் மூன்றாவது பலகை முனகும்,
ஓரமாக ஏறு என்றேன்.

கணக்கில் எழுதவில்லை.
சோப்பு மட்டும் ஒன்று குறைந்திருக்கிறது.