மீதிக் கிலோமீற்றர்

மாங்குளம் சந்தியில் திரை அறுபத்தெட்டு என்றது.
முத்தையன்கட்டு வலதுகரைக்கு முப்பத்துநாலு,
திரும்பி வர முப்பத்துநாலு.
கணக்குச் சரி.
கணக்கு மட்டும்.

பெற்றோல் வரிசையில் படுத்தெழும்பிய வருசம்
இனி வேண்டாமென்று
வவுனியாவில் கஸ்பாரிடம் வாங்கிய கார்.
பற்றரியின் பன்னிரண்டு கட்டத்தில் எட்டுத்தான் மிச்சம்.
போன நாலில்
ஒசாகாவில் யாரோ ஒருவர்
ஒழுங்காக வேலைக்குப் போய்வந்திருக்கிறார்.
“நூற்றிருபது ஓடும் டொக்டர்” என்றார் கஸ்பார்.
ஓடும்.
மார்கழியில்,
ஏசி இல்லாமல்,
இறக்கத்தில்,
ஆளில்லாமல்.

இது சித்திரை.
ஒலுமடுவுக்குள் நான் ஓடியது ஏழு,
திரையில் குறைந்தது பதினொன்று.
ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.
பின் இருக்கையில் தடுப்பூசிப் பெட்டி
ஐஸ்கட்டி அணைத்துப் பட்டி கட்டிச் சாய்ந்திருக்க
முன்னால் மிருகவைத்தியர்
அவிந்துகொண்டு போனேன்.

நாற்பதுக்கு மேல் மிதிக்கவில்லை.
உழவுமெசின் ஒன்று முந்திப் போனது,
பெட்டியில் நின்ற பொடியள் கைகாட்டினார்கள்.
பிறகு ஒரு பட்டி மாடு றோட்டை மறித்தது.
அவற்றின் வாலுக்குப் பின்னால் ஊர்ந்த தூரத்தில்
ஐம்பத்தொன்று ஐம்பத்துநாலாய் ஏறியது!
அப்போதுதான் பிடிபட்டது:
இந்த எண்ணுக்கு முன்னால் கிடக்கும் றோட்டைத் தெரியாது,
நான் இதுவரை ஓடிய விதத்துக்கு
அது தரும் நடத்தைச் சான்றிதழ்.

வாய்க்கால்கரைக் கிரவலில்
முப்பத்தொன்று,
இருபத்தாறு,
பத்தொன்பது.
யப்பான்காரி வாய் திறந்தாள்.
கஸ்பாரால் மாற்ற முடியாத மொழி.
குனிந்து நின்று சொல்வதுபோல அவ்வளவு மரியாதை.
முதல் மாதம் வணக்கம் சொல்கிறாள் என்றிருந்தேன்,
நெடுங்கேணிக் காட்டுக்குள் நின்றுபோன இரவில்தான்
விளங்கியது.
“ஓம், ஓம்” என்றேன்.

சுபோதினியின் மாட்டுக்குக் கன்று குறுக்கே.
விடியப்புறம் தொடங்கிய முக்கல்.
“கொஞ்சம் கெதியா வந்திருக்கக்கூடாதே டொக்டர்?”
கெதியாக வந்திருந்தால்
வந்தே சேர்ந்திருக்க மாட்டேன்.
இதை அந்த மாட்டுக்கு முன்னால் எப்படி விளக்க?

நான் உடுப்பு மாற்றுவதற்குள்
தண்ணீர்ப்பம்பியின் வயரைக் கழற்றி
அந்தப் பிளக்கைக் காருக்குக் காட்டினாள்.
“கரண்ட் கந்தோர்க்காரன்ர காரும்
ஒருக்கா இஞ்சதான் குடிச்சது.”

தோள்வரை கையை விட்டு முன்னங்காலைத் தேடிக்
கன்றைத் திருப்பி எடுக்கப்
பதினேழு கிலோமீற்றர்.
அது விழுந்து, தும்மி, தாய் நக்கி,
எழும்பி, மடிந்து, எழும்பி நிற்க
இன்னும் ஆறு.
தேத்தண்ணிக்கு மூன்று.

கையைக் கழுவும்போதுதான் பார்த்தேன்
பம்பிக்கு அப்பால் கச்சான் பாத்திகள்,
நாலு நனைந்து
நாலு வெடித்துக் கிடந்தன.
காசை நீட்டினேன்.
“கன்றுக்கோ, கரண்டுக்கோ?” என்று கேட்டாள்.
இரண்டுக்கும் வாங்கவில்லை.

கந்தோர்ப் படிவத்தில்
‘பாவித்த எரிபொருள்’ என்றொரு கட்டம் உண்டு.
கச்சான் பாத்தி, நாலு,
என்று எழுதப் பேனை போனது.
கோடு கீறினேன்.

இருட்டில் திரை நாற்பத்தைந்து என்றது.
நம்பவில்லை.
ஆனாலும் ஒலுமடு தாண்டிய பிறகு
ஐந்தே ஐந்து நிமிடம்
ஏசியைப் போட்டேன்.