பிழைப்பு

பகலில் மாவட்ட வரி அலுவலகம்.
ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை மாலைகளில்
கிரேட் ஃபால்ஸ் மைதானத்தின் ஒட்டுப்பலகைக் கூண்டில்
அதிகாரபூர்வமாக ஸ்கோர் எழுதுகிறவன்.
ஆட்டத்துக்கு ஐம்பது டாலர், ஒரு ஹாட் டாக் சீட்டு.
காற்று வடக்கிலிருந்து வந்தால்
பார்லி ஊறும் வாசனை இலவசம்.

கிரிக்கெட்டில் கேட்சை எவன் விட்டாலும்
ஓட்டம் பந்து போட்டவன் தலையில்தான் விடியும்.
பேஸ்பாலில் அதற்கொரு நியாயம் வைத்திருக்கிறார்கள்:
பிழை என்று தனிக் கட்டம்.
பிடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றினால்
விட்டவன் பேரில் ஒன்று ஏறும்,
பிட்சரின் கணக்கில் கறை படாது.
எனக்குத் தோன்றினால்.
அந்த இரண்டு சொல்லுக்குத்தான் ஐம்பது டாலர்.

வெண்டல் கொபெக்கி. இடக்கை. முப்பத்தொன்று.
நெப்ராஸ்காவில் ஏதோ ஊர்; குளிர்காலத்தில்
தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுகிறான்.
பதினோரு பருவம், ஒன்பது ஊர்ச் சட்டை.
ஒரே ஒரு மே மாதம் மேலே கூப்பிட்டார்கள்,
உச்சிக்கு அல்ல, அதற்கு ஒரு படி கீழே,
டகோமாவில் ஆறு நாள்.
ஆறு நாளும் வேலிக்கு அந்தப் பக்கம்
கையைச் சூடாக்கிக்கொண்டு நின்றான்.
மழை.
ஏழாம் நாள் பஸ்.

அந்தச் செவ்வாய் பாய்சி அணியோடு ஆட்டம்.
ஒன்பதரைக்கும் வெளிச்சம் போக மனசில்லாத ஜூலை.
ஏழாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட்,
இரண்டிலும் மூன்றிலும் ஆள்.
தரையோடு சோம்பலாக வந்த பந்து
ஷார்ட்ஸ்டாப் எலிசர் பௌலினோவின்
கையுறைக்கு அடியில் போயிற்று,
கதவிடுக்கில் நுழையும் பூனை மாதிரி.
இரண்டு ஓட்டம்.
பலகையில் பிழை விளக்கு எரிந்தது.
பத்தொன்பது வயசு, ஊர் அஸுவா, வந்து இரண்டு வாரம்,
அதற்குள் ஆறாவது.
அடுத்த பந்து போட்டபோதும்
விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆட்டம் முடிந்து மரப்படியில் காலடி.
பிட்சர்கள் வருவது வழக்கம்தான்.
அடி என்று எழுதியதைப்
பிழை என்று மாற்றச் சொல்வார்கள்.
ஒருவன் கதவை உதைத்திருக்கிறான், கீல் இன்னும் சரியில்லை.
கொபெக்கி தோளில் ஐஸ் பை கட்டி,
சொட்டச் சொட்டக் குனிந்து நுழைந்தான்.

"அந்தத் தரைப்பந்து. அது அடி."
இல்லை, என்றேன். இந்தக் கண்ணாடியோடு
நானே பிடித்திருப்பேன்.
"கடைசியில் துள்ளியது. கூழாங்கல்."
துள்ளவில்லை.
"மிஸ்டர் எலில், போட்டவன் நான். துள்ளியது."
என் பெயர் எழில்வாணன்.
ழகரம் அவனிடம் துள்ளிவிட்டது.

தாளைத் திருப்பிக் காட்டினேன்.
இன்றோடு அறுபது இன்னிங்ஸ், முப்பத்து மூன்று ஓட்டம்,
சராசரி 4.95.
இந்த இரண்டையும் ஏற்றினால் 5.25.
ஐந்தைத் தாண்டிய முப்பத்தொரு வயதை
எந்த மேனேஜரும் வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்கமாட்டான்.
எண்களைப் பார்த்தான், லாரி எடை பார்ப்பதுபோல,
வண்டியைக் கழித்து, சரக்கை மட்டும்.
"மாற்ற இருபத்து நாலு மணி நேரம் உண்டு, இல்லையா?"
ஐஸ் தண்ணீர் என் பென்சில் பெட்டிக்குள் விழுந்தது.
மன்னிப்புக் கேட்டான், அதற்கு மட்டும்.

புதன் முழுக்க வரி பாக்கிகள்.
ஒரு பண்ணைக்காரருக்கு அபராதத்தைத் தள்ளுபடி செய்யவில்லை;
சட்டத்தில் இடமில்லை.
இருபத்து மூன்றாவது மணியில்
கூண்டில் உட்கார்ந்து ரப்பரை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அறிவிப்புத் தாளில் ஒரே வரி.
லாக்கரில் பெயர்ப்பட்டையைக் கிழித்த பிசின்.
பையன் பிழைத்துக்கொண்டான்.
பந்து வந்தால் இப்போது பந்தைப் பார்க்கிறான்.
அவனுக்கு யாரும் சொல்லவில்லை,
நானும்.

கணக்கு சரிதான். கூட்டிப் பார்க்கலாம்.
ஏழாவது இன்னிங்ஸ் கட்டத்தை மட்டும்
வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டாம்.
தாள் அங்கே மெலிந்திருக்கிறது:
அடிக்கு அடியில்
பிழை.