கட்டு

பன்னிரண்டு பேர் முன்னே நடந்தால்
பின்னால் வருபவர் கான்சல்.
ஆறு பேர் என்றால் அவருக்கு அடுத்தவர்.
ரோமில் அதிகாரத்தை
விறகு எண்ணுவதுபோல எண்ணினார்கள்.

வோலூசியஸ் ஏழாவது ஆள்.
விடியுமுன் பிர்ச் கழிகளை மடியில் கிடத்தி
சிவப்புத் தோல்வாரால் சுற்றி இறுக்குவான்.
கழிகளுக்கு முதுகுகளைத் தெரியும்.
நடுவில் செருகிய கோடரிக்குக் கழுத்துகளை.
நகர எல்லைக்கல் வந்ததும் கோடரியை உருவிவிட வேண்டும்:
ஊருக்குள் குடிமகன் மேல்முறையீடு செய்யலாம்.
அடிமைக்கு எல்லைக்கல்
வெறும் கல்.

அவன் சுமந்ததன் பெயர் ஃபாஸ்கேஸ்.
பன்மையிலேயே வழங்கிய சொல்,
தனிக் கழிக்கு அதில் இடமில்லை.
அவன் பெயர் லிக்டர்.
கட்டுபவன் என்பதால் வந்த பெயர் என்றார்கள் சிலர்,
இல்லவே இல்லை என்றார்கள் சிலர்.
அவனைக் கேட்டிருந்தால்
இடது தோள் வலிக்கிறது என்றிருப்பான்.

பிறகு வெகுகாலம் அந்தச் சொல்
அடுப்படியில் சுள்ளியோடு கிடந்தது.
சிசிலியில் ஒரு மலையூரில்
குரோச்சிஃபிஸ்ஸா அதை எடுத்துத் தூசி தட்டினாள்.
விளைச்சலில் பாதியாவது எங்களுக்கு
என்று கேட்கக் கூடியவர்களின் சங்கத்துக்கு
அதுவே பெயர்: ஃபாஷோ.
ஜனவரியில் சிப்பாய்கள் வந்தார்கள்.
அவள் வீட்டு விறகை எண்ணி
சாட்சியமாக எழுதிக்கொண்டு போனார்கள்.

முப்பது வருஷம்கூட ஆகவில்லை.
கறுப்புச் சட்டைகள் சொல்லைத் தூக்கிக்கொண்டன,
கோடரியோடு.
தபால் நிலைய முகப்பில், பள்ளி வாசலில்,
சாக்கடை மூடியில்கூட.
எல்லைக்கல்லில்
யாரும் நின்று உருவவில்லை.

எனக்கென்ன, தமிழில் எழுதுகிறேன்:
விறகுக்கும் கட்டு, காயத்துக்கும் கட்டு.
கட்டளைக்குள்ளும் அதுதான் உட்கார்ந்திருக்கிறது.
ஆனால் ஆட்டிலியோவுக்கு இது தெரியாது.
போர் முடிந்த கோடையில்
ஏணிமேல் நின்று தபால் நிலையத்துக் கல்கோடரியைக்
கொத்திக்கொண்டிருந்தான்.
உளி வழுக்கியது. கட்டைவிரலில் ரத்தம்.
"ஃபாஷா! யாராவது ஃபாஷா கொண்டுவாங்க!"
என்று கீழே மருந்துக்கடைக்காரி கத்தினாள்.
துணிச்சுருளைத்தான் சொன்னாள்.
வரிசையில் நின்ற கிழவர்
சட்டென்று தொப்பியைக் கழற்றினார்,
பிறகு என்ன செய்வதென்று தெரியாமல்
அதால் விசிறிக்கொண்டார்.

அவள் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

கோடரி போயிற்று.
கழிகளுக்கு நகராட்சி கூலி ஒதுக்கவில்லை.
மழைக்கு அங்கே ஒதுங்குபவர்கள்
அவற்றைத் தூண் என்று நினைத்து
முதுகைச் சாய்த்துக்கொள்கிறார்கள்.