எண் பொருந்தவில்லை

சவரிமுத்து ஹெட்டைக் கழற்றிச்
சாக்கின் மேல் கவிழ்த்தான்.
நான்கு சிலிண்டரில் மூன்று
வாய் திறந்து கிடந்தன.
நான்காவதில் பிஸ்டன்
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை,
பங்கு பிரியாத வீட்டின் சாவியைக்
கையில் வைத்திருப்பவர் மாதிரி.

"அறுபது ஓவர்சைஸ் ஏற்கெனவே போட்டாச்சு ஆச்சி.
இனி போர் பண்ண இதில் இரும்பு இல்லை.
ஸ்லீவ் இறக்கணும், கிராங்க் அரைக்கணும்,
பேரிங் லண்டன்லேர்ந்து வரணும்,
கஸ்டம்ஸ்காரன் மனசு வைக்கணும்."

இல்லையென்றால்
உக்கடத்தில் ஓர் எஸ்டீம் எஞ்சின்,
கியர்பாக்ஸோடு அறுபத்தைந்தாயிரம்.
மவுன்ட் வெட்டி வெல்டு வைத்தால் உட்கார்ந்துவிடும்.
ஏசி கூடப் போடலாம்.

இரவு நோட்டில் சிவமயம் எழுதி
நடுவில் கோடு கிழித்தேன்.
இடப்பக்கம் இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.
வலப்பக்கம், கூலியும் சேர்த்து, ஒன்று பத்து.
இருபத்திரண்டு வருடம்
வங்கியில் கடன் பிரிவில் இருப்பவளுக்கு
இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இருந்தது.
காரில் பாதி ஈப்போவில் இருக்கும் சாத்தப்பனுடையது.
ஒரு நாளும் இதை ஓட்டாதவன்
மூன்று நிமிடத்துக்குப் பேசி அனுப்பினான்:
"அசல் எஞ்சினை எடுத்துட்டா அது எம்ஜி இல்லை, தகரம்.
விலை பேச வர்றவன் முதல்ல நம்பரைத்தான் கேப்பான்.
என் பாதியில கை வைக்காதே."

எந்தப் பாதி, முன்னதா பின்னதா
என்று கேட்டேன்.
நீல டிக் மட்டும் வந்தது.

சனிக்கிழமை,
கோவிலூர் ரோட்டுக்கு மேல் இருட்டிக்கொண்டு வந்து
பெய்யாமல் போன மத்தியானம்.
அவனுக்கு அனுப்ப எண்ணைப் படமெடுக்கப் போனேன்.
சவரிமுத்து டீசலில் துணி நனைத்துத் தேய்த்தான்.
சிவப்பு உரிந்து, அடியில் பச்சை.
பச்சைக்கு நடுவில் தகடு.
ஆர்.சி. புத்தகத்தை விரித்து வாசித்தேன்.
ஒன்பது வரை ஒத்துப்போனது.
அடுத்த எழுத்திலேயே தகராறு.

அவன் சிரித்தான். சத்தமில்லை, தோள் மட்டும் குலுங்கியது.
"ஆச்சி, இது மோரிஸ் மைனர்.
டாக்டரும் தாசில்தாரும் வெச்சிருந்த வண்டி எஞ்சின்.
மேல ரெட்டைக் கார்புரேட்டரை மாட்டி
மீசை முறுக்கி விட்டிருக்காங்க."

அப்பச்சி கணக்குப் புத்தகத்தில்
புதுச் சக்கரத்துக்கு வைத்த எலுமிச்சம்பழத்துக்கும்
பத்துக் காசு பற்று உண்டு.
இதற்கு ஒரு வரி இல்லை.
அவரே கொத்தமங்கலத்திலிருந்து
இந்த வீட்டுக்குப் பிள்ளை கூட்டி வந்தவர்.
அதைப் பற்றியும் வாய் திறந்ததில்லை.

படம் போன மறு நிமிடம் சாத்தப்பன் கூப்பிட்டான்.
"அப்ப அந்த எஸ்டீமையே போட்டுத் தொலை."
நியாயம்.
ஒரு வாரமாய் நான் சொன்னதும் அதுதான்.

ஆனால் கானாடுகாத்தான் திருப்பத்தில்
மூன்றாம் கியருக்கு வந்ததும்
ஒரு செருமல் செருமிவிட்டு இழுக்குமே,
அது எம்ஜியின் குரல் என்றிருந்தேன்.
இத்தனை நாளும் மோரிஸ்தான் செருமியிருக்கிறது,
தாசில்தார் வண்டி,
தன்னை யாரென்று சொல்லாமல்,
நூறு கிலோமீட்டர் வேகத்தில்,
ஒரு தடவையும் நடுவழியில் விடாமல்.
அசலுக்காக என்றால்
ஒரு ரூபாய் தந்திருக்க மாட்டேன்.

"ஸ்லீவுக்குச் சொல்லிடு" என்றேன்.
சவரிமுத்து ஸ்பானரை வைத்துவிட்டுப் பார்த்தான்.
"எதுக்கு, இந்த மோரிஸுக்கா?"
"இதுக்குத்தான்."
"பெயிண்ட்? சிவப்பா, பச்சையா?"
பிறகு சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நோட்டில் வலப்பக்கம் இன்னும்
ஒன்று பத்துதான் இருக்கிறது, அடிக்கவில்லை.
ஆர்.டி.ஓ. படிவத்தில்
எஞ்சின் மாற்றிய தேதி என்று ஒரு கட்டம்.
பேனாவை மூடி அதன் மேல் வைத்திருக்கிறேன்.