இடப்பக்கச் சல்லடை

வண்ணார்பேட்டையில் மீரான் கடைமுன் வண்டியை நிறுத்தினேன்.
"பாட்டுக்கு எவ்வளவு வச்சிருக்கிய அண்ணாச்சி?"
பதினோராயிரம் என்றேன்.
உள்பையில் பதினான்கு இருந்தது.
பாவூர்சத்திரம் கமிஷன் கடை தந்த பழக்கம்,
விலை சொல்கையில் கொஞ்சத்தை
நாக்குக்கு அடியிலேயே வைத்துக்கொள்வது.

கம்பெனிக்காரன் பொருத்திய செட் பாடத்தான் செய்தது.
மூன்றாம் கியருக்கு மேல்
பாடகரும் இஞ்சினும் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள்.
கத்தரிக்காய் லோடோடு ஆலங்குளம் மேடு ஏறினால்
பல்லவி மட்டும் வரும்.
சரணம், சாக்குகளை இறக்கிய பிறகு.

முதலில் வலது கதவைக் கழற்றினான்.
கிளிப் ஆறில் இரண்டு உடைந்தன.
உள்ளே அட்டை ஸ்பீக்கர்,
மழை குடித்து ஓரம் சுருண்ட நமத்த அப்பளம்.
கதவின் அடிவயிற்றில் துருத்தண்ணீர்,
தண்ணீரில் ஒரு சின்ன வெங்காயம்.
எந்த வெள்ளிக்கிழமை லோடிலிருந்து
கண்ணாடி இடுக்குவழி விழுந்ததோ,
அந்த இருட்டுக்குள் நாலு விரற்கடை
வெளுத்து முளைத்திருந்தது.
வேர் அறாமல் எடுத்து
டேஷ்போர்டில் வைத்தான் மீரான்.

பிறகு இடது கதவு.
அட்டையைக் கழற்றியவன்
வாய் திறக்காமல் கையால் கூப்பிட்டான்.
வெளியே வட்டச் சல்லடை உண்டு.
உள்ளே ஒன்றுமில்லை.
இரண்டு ஒயர்கள்
கறுப்பு டேப்பில் சுருட்டி, கட்டினபடிக்கே கிடந்தன.
"பேஸ் மாடல்லா, ஒண்ணுதான் குடுப்பான்.
ஓட்டை மட்டும் ரெண்டு."

ஆறு வருசம்.
செவ்வாயும் வெள்ளியும் விடியக்காலம் மூன்றரைக்கு
அந்தக் கதவோரம் உட்கார்ந்து வருபவள் ஆவுடையம்மாள்.
மடியில் கணக்கு நோட்டு, காதிடுக்கில் பென்சில்.
கேக்குதா என்பேன்.
கேக்குது என்பாள்.

கதவுத் தகரத்தில் கறுப்புத் தாளை ஒட்டி
உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான்.
தட்டினால் எண்ணெய் டின்னாக ஒலித்த கதவு
இப்போது பழுத்த பூசணிக்காய்.
ஜாக்கி கிடந்த இடத்துக்கு ஆம்ப் குடிவந்தது.
எல்லாம் முடித்து ஆக்சிலேட்டரை மிதித்தால்
பாட்டுக்குள் ஒரு கொசு.
மிதிக்க மிதிக்க அதுவும் சுருதி ஏறியது.
"எர்த் சரியில்ல" என்று
சீட்டுப் போல்ட்டடியில் பெயின்ட்டைச் சுரண்டினான்,
இரும்பு வெள்ளையாகச் சிரிக்கும்வரை.
கொசு செத்தது.
பதிமூவாயிரத்து நானூறு.
நாக்கடியில் இருந்ததும் போயிற்று.

வெள்ளிக்கிழமை.
மாறாந்தை தாண்டியதும் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
எல்லாம் சேர்ந்து கண் சிமிட்டின.
போட்டேன்.
என் பக்கம் தபேலா, அவள் பக்கம் வயலின்.
இந்த வண்டிக்கு இத்தனை அகலம் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

"ஏட்டி, ஒம் பக்கம் இதுவரைக்கும்
ஸ்பீக்கரே கிடையாதாம், தெரியுமா?"
"தெரியும்."
நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை.
"வண்டி வாங்குன மாசமே காதை வச்சுப் பாத்துட்டேன்."
"பெறவு ஏன் சொல்லல?"
"வீட்டுலயும் சந்தையிலயும் சத்தம்.
வண்டியில அந்த ஒரு சாண் எடம்தான் சும்மா கெடந்துச்சு.
தரகு கழிக்கணும், கூலி கழிக்கணும், எங்கன வச்சுக் கழிக்க?"

இதுவரை தொட்டிராத செட்டை நோக்கிக் கை நீட்டினாள்.
"பேலன்ஸ்னு ஒண்ணு இருக்கும்லா இதுல."
எனக்கே தெரியாத இடத்தில் இருந்தது அது.
வயலின் அணைந்தது.
தபேலாவோடு நான் தனியாக மேடு ஏறினேன்.

கிலோ இருபத்திரண்டுக்குப் போயிற்று கத்தரிக்காய்.
திரும்பும்போது வெறும் வண்டி, முகத்தில் வெயில்.
வெங்காயத்துக்கு டீ டம்ளரில் மண் வாங்கி வைத்திருந்தாள்.
அத்தியூத்துப் பக்கம், கேட்காமலே,
நடு வரைக்கும் இல்லை,
நடுவுக்கு மூன்று கோடு முன்பு வரை திருப்பினாள்.
ஒரே ஒரு வயலின், மெலிசாக, எட்டிப் பார்த்தது.

பிறகு பென்சிலை எடுத்தாள்.
"பதிமூணு நானூறா?
பதினொண்ணுன்னுல்ல சொன்னிய."
நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.